தனியாகப் பினாங்கு: ஒரு கிளியரிங் ஆபீஸ் குமாஸ்தாவின் கணக்கு

முப்பத்தொரு வருஷம் நான் பினாங்குக்குப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். மண்ணடிப் பக்கம், செகண்ட் லைன் பீச் ரோட்டில் ஒரு கிளியரிங் ஆபீஸ். அங்கே டாகுமென்ட் குமாஸ்தா வேலை. ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், இந்த நாலிலும் பெயரும் எடையும் எண்ணிக்கையும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு எழுத்து தப்பினால் பெட்டி அந்தக் கரையில் நின்றுவிடும். நிற்கிற நாளுக்கெல்லாம் டெமரேஜ், தாமதக் கட்டணம்.

2023-ல் ஓய்வு பெற்றேன். இத்தனை பெட்டியை அனுப்பினோமே, ஒரு தடவை நாமே போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதை முதலில் சொன்னது காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவளிடம்.

“இன்னாக்கா, ஃபாரின் போறியாமே? புள்ளயாண்டயா?”

“அவன் ஓசூர்ல இருக்கான். நான் சும்மா சுத்திப் பாக்கப் போறேன்.”

“தனியாவா?”

“தனியாதான்.”

கூடையை இறக்கி வைத்துவிட்டாள். “சும்மா பாக்கறதுக்கு எதுக்குக்கா கடல் தாண்டணும்?”

அவள் கேட்டதில் தப்பில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் வெளிநாடு பார்த்த ஆள் ஒருவராவது இருப்பார். கப்பலில் போனவர், சிங்கப்பூர் ஷிப்யார்டில் வெல்டராக இருந்தவர், துபாயில் பைப் ஃபிட்டராக இருந்தவர். எல்லாரும் வேலைக்குப் போனவர்கள். கம்பெனி டிக்கெட் எடுத்தது, ஏஜென்ட் விமானத்தில் ஏற்றிவிட்டார், அந்தப் பக்கம் பெயர்ப் பலகை பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். அறுபதை நெருங்கிய ஒரு பெண், யாரும் அனுப்பாமல், யாரும் கூப்பிடாமல் கிளம்புவதற்கு இங்கே முன்மாதிரி கிடையாது. எனவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். என்னையே ஒரு ஷிப்மென்ட்டாக நினைத்துக்கொண்டு ஃபைல் போட்டேன்.

ஃபைலின் முதல் காகிதத்திலேயே மாட்டிக்கொண்டேன். பெயர்.

தமிழர்களுக்கு வெளிநாட்டுப் பயணத்தில் வருகிற முதல் சிக்கல் விசா இல்லை, இனிஷியல். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் முன்னால் இருக்கிறது. ஆதாரில் கணவரின் இனிஷியல் பின்னால். பான் கார்டில் அப்பாவின் பெயர் முழுசாக விரிந்து என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. போதாக்குறைக்கு என் பெயரில் ஒரு ‘ழ’ உண்டு. ஒரு காகிதத்தில் அது ‘எல்’, இன்னொன்றில் ‘இசட் எச்’. இப்படி ஒரு ஷிப்மென்ட் என் மேஜைக்கு வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். இரண்டு கட்டம் இருக்கும். ‘கிவன் நேம்’ என்பதில் நம் பெயர். ‘சர்நேம்’ என்பதில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுசாக எழுதலாம். எழுதாமல் வெறுமனேயும் விடலாம். நம் ஆட்களில் நிறையப் பேர் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே, எதை எழுதுவது? அதன் விலை பிற்பாடு தெரியும். டிக்கெட் போடுகிற இடத்தில் கடைசிப் பெயர் இல்லாமல் பக்கம் நகராது. ஒரு விமான நிறுவனம் இருக்கிற பெயரையே இரண்டு தடவை போடு என்னும். இன்னொன்று வேறு மாதிரிச் சொல்லும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்தது. அப்புறம், பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. அந்தச் சில நாட்களில் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் வயிறு கலங்கியிருக்கும்!

நான் அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதினேன். அப்பா மெட்ராஸ் ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டையை நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்தைந்தாக எண்ணி எழுதியவர். எத்தனையோ லட்சம் மூட்டை எண்ணியிருப்பார், ஒரு தடவையும் கப்பலில் ஏறிப் போனதில்லை. இப்போது அவர் பெயர் டிக்கெட்டில் ஏறியது.

விண்ணப்பிக்கும் முன் ஆதாரையும் பாங்க் கணக்கையும் அதே எழுத்துக்கு மாற்ற ஏழு வாரம் ஆனது. அலைச்சல்தான். நாங்கள் குடியிருக்கிற காலடிப்பேட்டையே, 1717-லிருந்து 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் கலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய கலெட்பேட்டைதான். மக்கள் வாயில் அது காலடியாகிவிட்டது, ஒன்றும் குடிமுழுகவில்லை. பெயர் இப்படித் திரிவது ஊருக்கு நடக்கும், பாஸ்போர்ட்டுக்கு நடக்காது.

மற்றபடி பாஸ்போர்ட் எடுப்பது இப்போது பெரிய காரியமில்லை. இணையத்தில் விண்ணப்பம், 1,500 ரூபாய், அமைந்தகரை சேவா கேந்திராவில் ஒரு காலைப் பொழுது. பிறகு காவல் நிலைய விசாரணை, அதன் பிறகு தபாலில் வந்துவிடும். 36 பக்கம், பத்து வருஷம். திரும்பி வருகிற நாளுக்குப் பிறகும் ஆறு மாதமாவது அதில் ஆயுள் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். கையில் இருக்கிறதே என்று பழைய பாஸ்போர்ட்டை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஈ.சி.ஆர்., அதாவது ‘எமிகிரேஷன் செக் ரிக்வயர்ட்’ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பகுதியில் அடிக்கடி கேட்கிற கேள்வி அது. பத்தாவது முடிக்காதவர்களுக்கு பாஸ்போர்ட்டில் அந்தக் குறி விழும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அவர்கள் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வேலைக்குப் போவதற்கு மட்டும்தான் அது. சுற்றிப் பார்க்கப் போகிறவர் ரிட்டர்ன் டிக்கெட்டோடு போகலாம். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு, பத்தாவது முடிக்காவிட்டாலும், அந்தக் குறி தேவையில்லை. இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. ஏஜென்ட் பேச்சைக் கேட்டுச் சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போவது. அப்படிப் போனவர்களின் கதையைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

ஏன் பினாங்கு? பெட்டி அனுப்பிய பாசம் பாதி. மீதி கணக்கு. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் வந்துவிட்டது, ஏறக்குறைய நாலு மணி நேரம். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் விசா கேட்பதில்லை, முப்பது நாள் வரை இருக்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். வழி கேட்கத் தமிழ் பேசுகிறவர் கிடைப்பார். முதல் தனிப் பயணத்தைப் பாரிஸில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்புதான். தனியாக இருக்கப் பழகுவதே ஒரு வேலை. அதோடு புரியாத பாஷை, கடுங்குளிர், விசா அலுவலக வாசல் எல்லாவற்றையும் ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? பினாங்கும் தூரம் என்று நினைத்தால், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் இருக்கிறது. சில மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை.

ஒரு காலத்தில் பினாங்குக்கே கப்பலில் போனார்கள். 1926-ல் கட்டிய ரஜூலா, மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. டெக்கில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்களை அப்பா பார்த்திருக்கிறார். அதன் பிறகு எம்.வி. சிதம்பரம். 1980-களில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பாதையும் முடிந்தது.

இனி தேதி. இதில்தான் நான் கிட்டத்தட்ட ஷட் அவுட் ஆனேன்.

துறைமுக வேலையில் ‘கட்-ஆஃப்’ என்று ஒன்று உண்டு. கப்பல் கிளம்புவதற்கு இத்தனை மணி நேரம் முன்னால் பெட்டி கேட்டுக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஷட் அவுட். பெட்டி அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடக்கும். என் டிக்கெட்டில் 2025 மார்ச் 12, புதன், நள்ளிரவு தாண்டி இரண்டு மணி சொச்சம் என்று இருந்தது. நான் அதைப் படித்து, காலண்டரில் 12-ஐ வட்டமிட்டு, பையனுக்கும் 12 என்று சொல்லிவிட்டேன். வழியனுப்ப அவன் 12-ஆம் தேதி மாலை ஓசூரிலிருந்து வருவதற்கு லீவு போட்டுவிட்டான். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், பழைய வழக்கப்படி எல்லாக் காகிதத்தையும் மேஜையில் பரப்பிச் சரிபார்த்தபோதுதான் உறைத்தது. 12-ஆம் தேதி விடியற்காலை இரண்டு மணி என்றால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை ராத்திரி. பையன் ரயில் ஏறுகிற நேரத்தில் நான் பினாங்கில் குளித்துச் சாப்பிட்டிருப்பேன். அல்லது நானும் அவனும் சேர்ந்து, போய்விட்ட விமானத்துக்கு மீனம்பாக்கம் போயிருப்போம்.

பிறகு விசாரித்ததில், எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இப்படி விமானத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்வதில்லை. சென்னையிலிருந்து கிளம்புகிற வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. காலண்டரில் விமானத் தேதியை எழுதாதீர்கள். வீட்டுக் கதவைப் பூட்டுகிற நாளையும் நேரத்தையும் எழுதுங்கள்.

மலேசியாவுக்கு விசா இல்லை என்றாலும் ஒரு மின்னணு வருகை அட்டை உண்டு. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். காசு கிடையாது. அதே தோற்றத்தில் வேறு தளங்கள் இருக்கின்றன. காசு கேட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். விசா வேண்டாம் என்பதற்கு, உள்ளே விட்டே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை. ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, கையில் செலவுக்குப் பணம், இவற்றைக் காட்ட முடியாவிட்டால் ‘நாட் டு லேண்ட்’ என்று சொல்லி அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டேன். போனில் இருக்கிறதே என்று பையன் சிரித்தான். போனில் சார்ஜ் தீரும். காகிதத்தில் தீராது.

பணத்தை மூன்று இடத்தில் பிரித்தேன். ஆயிரம் ரிங்கிட் ரொக்கம், ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, அவசரத்துக்கு என் பாங்க் டெபிட் கார்டு. அன்றைக்கு ரிங்கிட் இருபது ரூபாய்க்குப் பக்கம் இருந்தது. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் திறந்துவிட வேண்டும், தானாகத் திறந்திருக்காது. ரொக்கத்தை ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கடையில், ரசீதோடு வாங்கினேன். பீச் ஸ்டேஷன் எதிரே நின்றாலே “டாலர் வேணுமா மேடம்” என்று குரல் வரும். திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டியதுதான். நம் ரூபாய் நோட்டை 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம், அந்நிய ரொக்கம் 3,000 டாலர் மதிப்பு வரை.

இதைவிட முக்கியம் ஓ.டி.பி. அங்கே போய் உள்ளூர் சிம் போட்டதும் நம் இந்திய நம்பரைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவோம். பாங்கிலிருந்து வருகிற ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். கார்டு இருக்கும், பணம் இருக்கும், தட்ட முடியாது. இந்திய நம்பருக்கு ரோமிங் போட்டு, இரண்டு சிம் போனில் இரண்டையும் உயிரோடு வைத்திருங்கள். ஜி.பே. எங்கேயும் வேலை செய்யும் என்ற சென்னைப் பழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இன்சூரன்ஸ் எடுக்கும்போது இரண்டையும் எழுதினேன். பிரீமியம் ஏறியது. மறைத்திருந்தால் குறைந்திருக்கும், ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தபின் கிளெய்ம் கிடைக்காது. மாத்திரையைப் பட்டையோடு, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வைத்தேன். பெட்டி தொலைந்தாலும் மாத்திரை தொலையக் கூடாது.

பெட்டி விஷயத்தில் எனக்கு ஒரே விதிதான். என்னாலேயே தூக்க முடிகிறதா? எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெட்டியை அடைத்து, இறக்கி, ஏற்றிப் பார்த்தேன். முதல் தடவை இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது. நாலு புடவை வெளியே வந்தது. அடுத்த தடவை ஏறிவிட்டேன். ஏழு கிலோ. தனியாகப் போகிறவளுக்குக் கழிவறைக்குப் போகும்போது பெட்டியைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆள் கிடையாது, பெட்டியும் உள்ளே வந்தாக வேண்டும். இதை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

காசிமேட்டு நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ எடுத்து வைத்திருந்தேன். தங்குகிற வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம் என்று ஆசை. மீன், இறைச்சி, செடி, விதை எதையும் மலேசியாவுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுபோக முடியாது என்று படித்ததும் அது அப்படியே குழம்புக்குப் போனது. கொப்பரைத் தேங்காயையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கிற சரக்கு அது. கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தில் வரும். வீட்டு மசாலாப் பொடியில் அது இருக்கிறதா என்று அரைத்தவரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். மலேசியாவில் பிளக்குக்குச் சதுர முள் மூன்று, நம் உருண்டை முள் நுழையாது. பர்மா பஜாரில் அடாப்டர் கிடைக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தது.

“அம்மா, பினாங்குல என் மச்சானுக்கு ஒரு சின்ன பார்சல். மருந்துதான். ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிப்பான்.”

“பிரிச்சுக் காட்டுங்க.”

“பேக் பண்ணிட்டேம்மா.”

“அப்ப வேணாங்க.”

அவர் முகம் சுருங்கியது. நான் மறுபடி சொல்லவில்லை, டீ கொடுத்து அனுப்பினேன். ஆபீஸில் எத்தனை பெரிய பார்ட்டியாக இருந்தாலும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் கையெழுத்துப் போட்டதில்லை. போதைப்பொருள் வழக்கில் மலேசியா 2023-ல் கட்டாயத் தூக்குத் தண்டனையைத்தான் எடுத்தது, தூக்கை எடுக்கவில்லை. தெரியாமல் கொண்டுவந்தேன் என்று நிரூபிக்க வேண்டியது பெட்டிக்குச் சொந்தக்காரர். முகம் சுருங்கினால் சுருங்கட்டும்.

இன்னொரு ஒத்திகையும் பார்த்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது வரை நான் ஒரு ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வாங்கி வந்து சாப்பிட்டிருக்கிறேன், நாலு பேரோடு போயிருக்கிறேன். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ராயபுரத்தில் ஒரு பிரியாணிக் கடைக்குள் நுழைந்து, நாலு பேர் மேஜையில் தனியாக உட்கார்ந்தேன். “எத்தினி பேரும்மா?” என்றார் சப்ளையர். “ஒருத்தர்” என்று சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. மூன்றாவது தடவை போனபோது வியர்க்கவில்லை. அதன் பிறகுதான் பயணம் உறுதி என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

11-ஆம் தேதி ராத்திரி எட்டரை மணிக்குத் தேரடி மெட்ரோ நிலையத்தில் ஏறினேன். எங்கள் பகுதியில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு பாக்கியம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த நீலத் தடத்து ரயில், மாறவே வேண்டாம், நேரே விமான நிலையத்துக்குள் கொண்டுபோய் விடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் கார் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வரிசைக்குப் பாதிக் காரணம் எங்களைப் போன்ற ஆபீஸ்கள்தான், திட்டுவதற்கும் வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். ராத்திரி பதினொரு மணியோடு மெட்ரோ நின்றுவிடும், மறுபடி காலை ஐந்துக்குத்தான். எனவே நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் விமானம் எத்தனை மணிக்கு இருந்தாலும் முந்தைய ராத்திரியே போய்ச் சேருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒட்டிய சீட்டில் எம்.ஏ.ஏ. என்று இருந்தது. ஊர்ப் பெயரை 1996-ல் சென்னை என்று மாற்றியும் விமானச் சீட்டில் மெட்ராஸ் போகவில்லை.

விடிந்து பினாங்கில் இறங்கினேன். நாலு கேள்வி, முத்திரை, முடிந்தது. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

பயணத்தில் நான் அங்குலம் அங்குலமாகத் திட்டமிட்டது இறங்கியதிலிருந்து முதல் ராத்திரி தூங்குகிற வரைக்கும்தான். சிம் எங்கே வாங்குவது, கார் எந்தச் செயலியில் கூப்பிடுவது, தங்குமிடத்தின் பெயர் மலாய் எழுத்துக்கூட்டில் எப்படி இருக்கும் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஜார்ஜ் டவுனில் குயீன் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் அறை. காலையில் இறங்குகிறேன், அறை மத்தியானம்தான் கிடைக்கும் என்று தெரிந்து, பெட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லி முன்பே எழுதியிருந்தேன். வெளிநாட்டவர் ஒரு ராத்திரிக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும் என்பதும் தெரியும். முதல் நாள் இப்படி இடறாமல் போனால் அடுத்த ஐந்து நாள் தானாக நடக்கும். மணிக்கு மணி அட்டவணை போட்டுக்கொண்டு போகிறவர்கள் அட்டவணையைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஒன்றைக் கோட்டைவிட்டேன். தேதி பார்த்தவள் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. நான் போனது ரமலான் மாதம். நாசி கண்டார் சாப்பிடலாம் என்று பார்த்து வைத்திருந்த கடை பகலில் பூட்டிக் கிடந்தது. அந்தச் சாப்பாட்டுக்கும் நமக்கும் உறவு உண்டு. ‘கண்டார்’ என்றால் தோளில் வைக்கிற காவடித்தண்டு. தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்குக் கொண்டுபோய் விற்றதில் பிறந்தது. மாலை நோன்பு திறக்கிற நேரத்துக்கு அதே கடை நிரம்பி வழிந்தது. மேஜையில் இடமில்லாமல் ஒரு பெரியவர் தன் எதிரே உட்காரச் சொன்னார். பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார். “எந்த ஊரும்மா?” “மெட்ராஸ் ஹார்பர் பக்கம்.” அவர் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவராம்.

நாலாவது நாள் எதிர்க்கரைக்குப் படகில் போனேன். கன்டெய்னர் கிரேன்கள் அங்கேதான் தெரிந்தன. முப்பத்தொரு வருஷம் நான் ‘பினாங்கு’ என்று டைப் அடித்த பெட்டிகள் இந்தத் தீவில் இறங்கியதே இல்லை. கன்டெய்னர் முனையம் இருப்பது பெருநிலத்தில், பட்டர்வொர்த்தில். படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்ததைப் பக்கத்தில் நின்ற பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மொத்தச் செலவு, இன்சூரன்ஸ் உட்பட 58,400 ரூபாய். கையில் 140 ரிங்கிட் மிச்சம், மாற்றாமல் வைத்திருக்கிறேன். மீன்காரிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய ஜாதிக்காய் மிட்டாய் வாங்கி வந்தேன். “பாஸ்போட்டு எடுக்க எவ்ளோக்கா?” என்றாள். ஆயிரத்து ஐந்நூறு என்றேன். அவள் ஆதாரில் என்ன பெயர் இருக்கிறது என்று கேட்டேன், பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று போயிருக்கிறாள்.

நீங்களும் பார்த்துவிடுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், பாஸ்புக் நாலையும் ஒரு மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்துவதற்கு எனக்கு ஏழு வாரம் பிடித்தது. டிக்கெட் போட்ட பிறகு அந்த ஏழு வாரம் கிடைக்காது.